கீசரும் மூன்றாவது ரீடிங்கும்

டிச. 8, திங்கள்

பனி. நேற்றுக் காயப் போட்ட துணி மாடியில் இன்னும் ஈரம்.

கீசர் செத்துவிட்டது. இல்லை, சாகவில்லை. அதுதான் குழப்பம். 5.30க்குப் போட்டேன், சிவப்பு விளக்கு எரிந்தது, பத்து நிமிடம் ஒழுங்காக ஓடியது. பிறகு 'டக்'. வீடு முழுக்க இருட்டு. கீழே இறங்கி மெயின் போர்டில் டிரிப் சுவிட்சைத் தூக்கினேன். கரண்ட் வந்தது. மறுபடி கீசர். இந்த முறை இரண்டே நிமிடத்தில் டக்.

முதலில் பத்து, அடுத்து இரண்டு. ஏன்?

மகள் காவ்யாவுக்கு இந்தப் பனியில் இளைப்பு. பச்சைத் தண்ணீர் பட்டால் அன்றைக்கு ராத்திரி முழுக்க விசில் சத்தம் நெஞ்சில். கேஸ் அடுப்பில் இரண்டு குண்டான் வைத்து மாடிக்குத் தூக்கினேன். முழங்கால் போயிற்று. பஸ்ஸும் போயிற்று. அரையாண்டுத் தேர்வு மேற்பார்வைக்கு எட்டு நிமிடம் தாமதம், எச்.எம். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

வாங்க: தேங்காய் எண்ணெய், காவ்யா இன்ஹேலர், சிவப்புப் பேனா 5.
எலக்ட்ரீஷியன் முனிராஜுக்குப் போன். "நாளைக்குப் பொழுதோட வந்துடறேன் டீச்சர்."

டிச. 9, செவ்வாய்

முனிராஜ் பொழுதோடு வரவில்லை. ராத்திரி ஏழரைக்கு வந்தார். கீசரைத் திறந்ததும் உள்ளே இருந்து வெள்ளைக் கட்டி கட்டியாகச் சுண்ணாம்பு, முறம் அளவு.

"போர் தண்ணி டீச்சர். பென்னாகரம் சுத்துப்பட்டுல எல்லா வூட்லயும் இதே கதை. மூணு வருசம் தாங்குனதே பெருசு."

தெர்மோஸ்டாட் போயிருக்கும் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அனுபவம்ங்க." புது தெர்மோஸ்டாட் மாட்டினார். பத்து நிமிடம் நின்று பார்த்தோம் என்று எழுத ஆசை. ஐந்து நிமிடம்தான் நின்றோம், அவருக்கு வேறு வீட்டில் மோட்டார் வேலை.

டிச. 10, புதன்

டக். சரியாகப் பத்தாவது நிமிடம்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு மின்னியல் நடத்துகிறவள் நான். பதினெட்டு வருஷமாக. என் வீட்டுக் கீசர் ஏன் பத்து நிமிடம் கழித்து டிரிப் ஆகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இதை நோட்டில் எழுதுவதோடு சரி, யாரிடமும் சொல்லப் போவதில்லை.

யோசித்தவை:
1. தண்ணீரைச் சுடவைக்கிற காயில் வெடித்திருக்கலாம். அப்படியானால் உடனே டிரிப் ஆக வேண்டுமே?
2. தெர்மோஸ்டாட். புதுசு.
3. வயரிங். மாமனார் காலத்து வயர். சாத்தியம்.
4. டிரிப் சுவிட்சே கெட்டிருக்கலாம்.
5. என் ஜாதகம்.

இவருக்குப் போன் செய்தேன். ஓசூரில் ஷிப்ட் முடிந்து தூங்கப் போகிற நேரம். "கம்பெனிக்காரனைக் கூப்பிடு" என்றார். கம்பெனிக்காரன் வர ஒரு வாரமாம். சனிக்கிழமை தானே வந்து பார்க்கிறாராம். பார்ப்பார். பார்த்துவிட்டுத் தூங்குவார்.

டிச. 11, வியாழன்

முனிராஜ் மறுபடி. இந்த முறை சீரிஸ் பல்பு கொண்டுவந்தார்: ஒரு அறுபது வாட் பல்பு, இரண்டு வயர். ஒரு முனை காயில், இன்னொரு முனை கீசர் பாடி. காயிலில் லீக் இருந்தால் பல்பு எரியும்.

எரியவில்லை.

"பாருங்க டீச்சர். காயில் கல்லு மாதிரி கெடக்குது. கோளாறு டிரிப் சுவிட்ச்லதாங்க. வயசாயிடுச்சு, சும்மா சும்மா வுழுவுது. அதைக் கழட்டிட்டு டைரக்டா குடுத்துடறேன். புதுசு தர்மபுரியில சொல்லி வெக்கறேன், வந்ததும் மாட்டிக்கலாம்."

டைரக்டா என்றால் டிரிப் சுவிட்சே இல்லாமல். 'டிரிப் சுவிட்ச் என்பது உயிர்காக்கும் சாதனம்' என்று நானே கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். ஆனால் பல்பு எரியவில்லையே. காவ்யா வேறு மாடிப்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

"சரி, குடுத்துடுங்க" என்றேன்.

இருபது நிமிடம் ஓடியது. டக் இல்லை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். முனிராஜுக்கு டீயோடு முறுக்கும் வைத்தேன்.

டிச. 12, வெள்ளி

சுடுதண்ணீர். காவ்யா அரை மணி நேரம் குளியலறையில். நானும் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மனுஷி மாதிரி பள்ளிக்கூடம் போனேன்.

காலையில் பக்கத்து வீட்டில் ஒரே ரகளை. பக்கத்து வீடு என்றால் இதே வீட்டின் மறுபாதிதான். இவருடைய அண்ணன், அவர் மனைவி செல்வியக்கா. பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பி இரண்டு வருஷம். அன்றிலிருந்து பேச்சு இல்லை. சுவர் என்னவோ உயரம்தான், ஆனால் சத்தத்துக்குச் சுவர் ஏது.

அவர்கள் மாடு பால் கறக்கும்போது உதைத்துவிட்டதாம். தூக்குச் சட்டி உருளும் சத்தம், செல்வியக்கா குரல்: "சனியனே, என்னா கேடு வந்துச்சு ஒனக்கு?"

அந்த மாடு பரம சாது. ஜெர்சி கலப்பு, நெற்றியில் வெள்ளை. பாகத்தில் அவர்கள் பக்கம் போனது. சொசைட்டிக்கு ஊற்றுகிற பால்தான் செல்வியக்காவின் கை வரும்படி. கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

டிச. 13, சனி

மாடு இன்றும். கம்பால் அடிக்கிற சத்தம் மாடி வரை கேட்டது. மாடு கத்தவில்லை, மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். மனசாட்சி இல்லாத பொம்பளை என்று நினைத்தேன்.

பிறகு சுவரைப் பார்த்து எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "நல்லாக் கறந்துக்கிட்டு இருந்த மாடு. எவளோ கண்ணு வெச்சுட்டா. மாடியில நின்னுக்கிட்டு எட்டி எட்டிப் பாத்தா வேற என்னா ஆவும்."

நானா? நான் துணி காயப் போடுகிறேன். ரத்தம் கொதித்தது. பதில் சொல்லவில்லை, இரண்டு வருஷ விரதம் இவளுக்காகக் கலைய வேண்டாம்.

காவ்யா: "அம்மா, ஷவர் குழாயைத் தொட்டா சுள்ளுனு இருக்குது."
நான்: "ரப்பர் செருப்புப் போட்டுக்கிட்டுக் குளி."
பதினெட்டு வருஷம் மின்னியல்.

இவர் வந்தார். கீசரைப் பார்த்தார். தூங்கினார்.

டிச. 14, ஞாயிறு

யாரும் சீக்கிரம் எழவில்லை. பத்து மணிக்குத்தான் கீசர் போட்டோம். எண்ணெய்க் குளியல், கோழி.

காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்து படுத்தே கிடந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் சொர், சொர் என்று பால் விழுகிற சத்தம். உதை இல்லை, திட்டு இல்லை. செல்வியக்கா தன் வீட்டுக்காரரிடம்: "மொளவா சுத்திப் போட்டது வேலை செஞ்சிருக்குது பாருங்க. கண்ணுதான். நான் சொன்னனா இல்லையா?"

ஆக நான் கண் வைத்தது உறுதியாகிவிட்டது. சுத்திப் போட்டதும் இறங்கிவிட்டது. அறிவியல் மன்றத்தில் பேசலாம்.

இவர் மூன்று மணி பஸ்ஸில் ஓசூர்.

டிச. 15, திங்கள்

5.30 கீசர். ஐந்து நாற்பதுக்குப் பக்கத்தில் அலறல். இது மாடு இல்லை, செல்வியக்கா. மாடு உதைத்ததில் முன்னங்கையில் எலும்பு விரிசல். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மத்தியானம் கூட்டிவந்தார்களாம், பால்காரர் சொன்னார்.

நேற்று இல்லை, இன்றைக்கு உண்டு. அப்படி என்ன நாள் கணக்கு பார்க்கிற மாடு?

பள்ளியில் பிளஸ் ஒன் செய்முறை. மல்டிமீட்டர். பிள்ளைகள் பேட்டரியை அளந்துகொண்டிருக்கும்போது காவ்யா சொன்ன 'சுள்' ஞாபகம் வந்தது. ஒரு மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டேன். லேப் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான்.

வீட்டில் அளந்தது:
கீசர் ஆஃப்: குழாய்க்கும் நியூட்ரலுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.
கீசர் ஆன்: போட்டவுடனே 40 வோல்ட்.

அப்படியானால் காயில் லீக்தான். சீரிஸ் பல்பு ஏன் எரியவில்லை? துணி மடித்துக்கொண்டே யோசித்தேன், பாதிப் புடவையில் விளங்கியது. அறுபது வாட் பல்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மினுக்கவே நிறைய கரண்ட் வேண்டும். டிரிப் சுவிட்ச் அதில் ஒரு துளி கசிந்தாலே விழுந்துவிடும். பல்பு எரியாததால் லீக் இல்லை என்று ஆகாது. அதோடு அவர் சோதித்தது ஆறிப்போன காயில். சூடேறி விரிசல் திறந்தால்தானே கசியும். பத்து நிமிடம், இரண்டு நிமிடம், எல்லாவற்றுக்கும் பதில் அதுதான். இப்போது விரிசல் பெரிதாகி, போட்டவுடனே கசிகிறது. டிரிப் சுவிட்ச் நான்கு நாள் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நாங்கள் அதன் வாயை அடைத்துவிட்டோம்.

ஆனால் இது இன்னும் குழப்பம்: கசிகிற கரண்ட் எர்த் வயர் வழியாக மண்ணுக்குள் போக வேண்டும். குழாயில் ஏன் நிற்கிறது? பிளக்கின் எர்த் பின்னை அளந்தேன். அதிலும் 40. எர்த்திலேயே கரண்ட் என்றால் எர்த் எங்கேதான் போகிறது?

பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். மாடிச் சுவர், மெயின் போர்டு, பின்பக்கம், நடுச்சுவரில் ஒரு ஓட்டை. அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது. மாடியில் ஏறி எட்டிப் பார்த்தேன் (ஆம், எட்டித்தான்).

செல்வியக்கா மாட்டுக் கொட்டாய். மேலே தகர ஷீட், எங்கள் பக்கம் திறப்பு, கீழே சிமென்ட். மூலையில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புப் பைப் நிற்கிறது. மாமனார் காலத்தில் முழு வீட்டுக்கும் போட்ட எர்த் பைப். கூரை போட்டபின் மழைத் தண்ணீர் பட்டிருக்காது, சுற்றி மண் காய்ந்து கிடக்கும், கரண்ட் இறங்க வழியில்லை. பாகத்தில் கிணற்று முறை பிரித்தோம், களம் பிரித்தோம், மீட்டர் பிரித்தோம், தென்னையைக்கூட எண்ணினோம். எர்த்தை யாரும் நினைக்கவில்லை.

அந்தப் பைப்பில்தான் மாடு கட்டியிருக்கிறது. கழுத்தில் இரும்புச் சங்கிலி.

கீழே புரோக்கர் குரல். "ஒதைக்கற மாட்டை எவங்க வாங்குவான்? அடிமாட்டுக்குத்தான் போவும். புதன்கெழம காத்தால ஆறரைக்கு வண்டி வருது, ஏத்திடுங்க." மாமா (இவர் அண்ணன்): "ஏத்திக்கங்க. கை ஒடிஞ்சதோட போச்சு."

பேனா ஓடவில்லை. நிறுத்துகிறேன்.

டிச. 16, செவ்வாய்

தற்செயலாகவும் இருக்கலாம் என்று மனசு சொன்னது. ஒருமுறை பார்த்ததை முடிவு என்று எழுதக் கூடாது. பிள்ளைகளுக்குச் சொல்வது அதுதானே.

5.20க்கு மாடியில். பனியில் கொட்டாய் பல்பு மஞ்சளாகத் தெரிந்தது. கீசர் சுவிட்ச் குளியலறைக் கதவுக்கு வெளியே, மாடியில் நின்றபடியே எட்டும். செல்வியக்காவுக்குக் கை கட்டு. மாமாதான் பிளாஸ்டிக் ஸ்டூலில், செருப்போடு, கறக்க உட்கார்ந்தார்.

ஆஃப். மாடு அசை போட்டது.
ஆன். முதுகுத் தோல் துடித்தது, காலை மாற்றி மாற்றி வைத்தது.
ஆஃப். நின்றது.

ரீடிங் 2. ஆன். உதைத்தது. மாமா விழுந்து எழுந்து கம்பை எடுத்தார். ஆஃப் செய்துவிட்டேன். அதற்குள் நாலு அடி விழுந்துவிட்டது. நின்று அடி வாங்கியது.

ரீடிங் 3.

மூன்று ரீடிங் எடுக்க வேண்டும், சராசரி போட வேண்டும். கை தானாகப் போயிற்று. இரண்டாவதிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் போட்டேன். மாடு கழுத்தை இழுத்துப் பின்னால் போகப் பார்த்தது, சங்கிலி விடவில்லை. மாமா மறுபடி கம்பை ஓங்கினார். ஆஃப்.

மூன்றாவது எதற்கு? தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

நாள் முழுக்க அதே நினைப்பு. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாளில் 34ஐ 43 என்று போட்டுவிட்டு அடித்தேன். வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது, சொன்னால் கையொடிந்தது என் தலையில் விழும். நியாயமாக விழ வேண்டியதுதான்.

யோசித்தது: பேசாமல் கீசரை நிறுத்திவிட்டால் மாடு சாதுவாகிவிடும். மாறிவிட்டதே என்று விற்காமல் விட்டுவிடுவார்கள். யாருக்கும் தெரியாது.
ஆனால் புரோக்கர் நாளைக்கு வருகிறான். ஒரு வேளைப் பாலைப் பார்த்து மாமா மனசு மாறுவாரா? ஞாயிற்றுக்கிழமையும்தான் நன்றாகக் கறந்தது.

காவ்யாவிடம் சொன்னேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "இன்னும் சொல்லலையாம்மா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

டிச. 17, புதன்

5.45. தலைகூட வாரவில்லை. மீட்டர், டெஸ்டர், போன். நடுவில் இருந்த கதவை அடைத்துவிட்டதால் தெரு சுற்றிப் போக வேண்டும். இருபது அடி தூரத்து வீட்டுக்கு நாலு வீடு தாண்டிப் போனேன்.

செல்வியக்கா கொட்டாயில். கழுத்திலிருந்து துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டிருந்தாள். மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள், இடது கையால். அனுப்பப் போகிற மாட்டுக்கு.

"அக்கா" என்றேன்.

நிமிர்ந்தாள். "என்னா."

"மாட்டை அனுப்பாதீங்க. மாடு மேல தப்பு இல்லைங்க. எங்க கீசர்ல இருந்து கரண்ட் வருது."

மாமா வெளியே வந்தார். "கீசர் ஒங்க வூட்டு மாடியில இருக்குது. மாடு இங்க கெடக்குது. காலங்காத்தால என்னா பேசற நீயி?"

பச்சை வயரைக் காட்டினேன். ஓட்டை, சுவர், பைப், சங்கிலி. பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு மோசமாக நான் பாடம் நடத்தியதில்லை, நாக்கு குழறியது. மாட்டை அவிழ்த்துத் தென்னையில் கயிறு போட்டுக் கட்டச் சொன்னேன். ஏதோ நினைத்துக்கொண்டு மாமா கட்டினார். போனில் காவ்யாவிடம், "போடு."

டெஸ்டரைப் பைப்பில் வைத்தேன். உள்ளே மங்கலாகச் சிவப்பு. மீட்டரில் 42. "நிறுத்து." அணைந்தது. "போடு." சிவப்பு.

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

செல்வியக்கா செருப்பைக் கழற்றியதை நான் பார்க்கவில்லை. டெஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈர சிமென்ட்டில் வெறுங்காலோடு நின்று, நல்ல கையின் புறங்கையைப் பைப்பில் வைத்துவிட்டாள். கை உதறிப் பின்னால் போனது. நான் போனில் கத்தினேன், "நிறுத்துடி, நிறுத்து."

செல்வியக்கா என்னைப் பார்க்கவே இல்லை. கையைப் பார்த்தாள், பிறகு தென்னையடியில் நிற்கிற மாட்டைப் பார்த்தாள்.

"இதுக்கா நான் அடிச்சேன்" என்றாள். "நாளு தவறாம அடிச்சனே. வாய் இருந்தா சொல்லியிருக்குமே."

மாட்டிடம் போய் முதுகில் கை வைத்தாள். தடிப்புத் தடிப்பாக இருந்தது. மாடு ஒதுங்கியது. அவள் கையை எடுக்கவில்லை, அதுவும் திரும்ப வரவில்லை.

வண்டி வந்து ஹாரன் அடித்தது. "குடுக்கறதில்லைனு சொல்லிடுங்க" என்றாள் மாமாவிடம். புரோக்கர் ஏதேதோ பேசினான். வண்டி போயிற்று.

நான் நின்றுகொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரிச் செலவு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். "நீ கெளம்பு, பஸ்ஸு போயிடும்" என்றாள். கோபமா, மன்னிப்பா, என்னவென்றே விளங்கவில்லை.

நேற்று நான் மூன்று முறை போட்டதைச் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. நேற்றைய பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். பின்பக்கம் முனிராஜ் நம்பர் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அதுவும் பொய், நம்பர் போனிலேயே இருக்கிறது.

டிச. 20, சனி

வெயில் கொஞ்சம். செய்தது:
புது காயில் மாட்டியாயிற்று.
புது டிரிப் சுவிட்ச் மாட்டியாயிற்று. முனிராஜ் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மாட்டினார். சீரிஸ் பல்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.
எங்கள் பக்கம் தனி எர்த். கரி, உப்பு, நாலு குடம் தண்ணீர். ஓட்டையில் போன பழைய வயர் கட். அவர்கள் பைப்புக்கும் நாலு குடம் ஊற்றச் சொன்னேன்; மாமா ஊற்றினார்.
குழாயில் அளந்தது: 0. இரண்டு முறைதான் அளந்தேன்.

இவர் வந்து எல்லாம் கேட்டார். தூங்கவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனபோது கீழே இருந்து செல்வியக்கா: "சுடுதண்ணி போடுவியா காத்தால?"

"எல்லாம் மாத்தியாச்சுங்க்கா. வயரையும் வெட்டியாச்சு. இனிமே அங்க வராது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. போடறதுக்கு முன்னால ஒரு கொரல் குடு."

டிச. 21, ஞாயிறு

பனி. 5.30. மாடிச் சுவரோரம் போய் நின்றேன்.

"அக்கா, போடறேன்."

"இரு. மாட்டை வெளிய ஓட்டிக்கறேன்."

குளம்புச் சத்தம். மெதுவாக, முழுக் கொட்டாயும் தாண்டி, தென்னை வரைக்கும்.

"ம். போடு."